எருமை காத்த கோவிவன்

செந்துறை பக்கத்தில் ஒரு சிறு விவசாயியின் சொத்து என்னவென்று பார்த்தால் கணக்கு சுலபம். கொஞ்சம் மானாவாரிக் கொல்லை, அதில் முந்திரி, ஒன்றிரண்டு மாடு, பத்துப் பதினைந்து ஆடு. நிலத்தை யாரும் இரவில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆட்டைத் தூக்கலாம்! அதனால்தான் பட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். என்ன ஜாதி நாய் என்று கேட்டால் "நாட்டு நாய்தான்" என்பார்கள். வீட்டில் மிஞ்சிய சோறு, கூழ் இதுதான் அதற்குச் சாப்பாடு. நரி வந்தாலும் குரைக்கும், பழக்கமில்லாத ஆள் வந்தாலும் குரைக்கும்.

இந்த நாய்க்கெல்லாம் ஒரு வரலாறு இருக்குமா என்று சிரிக்கலாம். இருக்கிறது. அதுவும் கல்லில் எழுதியே இருக்கிறது.

செந்துறைக்கு வடக்கே, நேர்கோட்டில் போனால் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதி. அங்கே எடுத்தனூர் என்றொரு ஊர். அந்த ஊரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்ட ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி, அதாவது ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும்போது இறந்துபோனான் என்று கல்வெட்டு சொல்கிறது. அதோடு நிறுத்தவில்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற விதத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களை 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்ட பிறகு இந்தக் கல் ஆய்வாளர்கள் நடுவே பிரபலமாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது நாயின் பெயர். அந்தக் காலத்து விவசாயிகள், மேய்ப்பர்கள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? விரல் விட்டு எண்ணலாம். ஆனால் ஒரு எருமைக் கூட்டத்தைக் காத்த நாயின் பெயர் தெரிகிறது! அந்தக் காலத்தில் மாடு என்றாலே செல்வம்தான், சொல்லுக்கே அந்தப் பொருள் உண்டு. ஆநிரை கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் தனித்தனித் திணையாகவே தமிழ் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. நடுகற்களில் ஏராளமானவை இந்த மாட்டுச் சண்டையில் செத்தவர்களுக்காக நட்டவை. ஆக, மந்தையைக் காப்பது அன்றைக்கு உயிர் போகிற வேலை. அந்த வேலையில் நாய்க்கும் பங்கு இருந்தது, ஊரும் அதை ஒப்புக்கொண்டது. (நாய் செத்ததா, பிழைத்ததா என்று கல் சொல்லவில்லை. காத்து நின்றது என்பதோடு முடித்துக்கொள்கிறது.)

இங்கே ஒரு வேடிக்கை. இதே மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனம் என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் எழுதியவன். கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. ஒரு காபாலிகனின் கபால ஓடு காணாமல் போகிறது. புத்த பிட்சுதான் எடுத்தான் என்று பெரிய சண்டை. கடைசியில் பார்த்தால் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! மன்னனின் நாடகத்தில் நாய் திருடன். அவன் ஆட்சியில் நட்ட கல்லிலோ நாய் திருடனைப் பிடிக்கிறது. தலைநகரத்தில் இருந்து பார்த்தால் ஒரு மாதிரியும், மாட்டுப் பட்டியில் இருந்து பார்த்தால் வேறு மாதிரியும் தெரிந்திருக்கிறது போலும்.

நாய்க்கு இன்னொரு புகழ்பெற்ற கல்லும் உண்டு. கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்தது. 949-இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்ட போர் நடந்ததல்லவா, அதைப் பற்றியும் அந்தக் கல் பேசுகிறது. போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, அவன் காளி என்ற நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். பிறகு அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. கோயிலுக்கு முன்னால் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். நல்ல கதைதான். ஆனால் காளி வேட்டை நாய், பரிசாகக் கேட்டு வாங்கிய நாய். கோவிவன் எருமை காத்த நாய். பிற்காலத்தில் நாய் என்றதும் எல்லோரும் கொண்டாடியது காளி வகையைத்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாமே பெரும்பாலும் வேட்டையோடு சேர்ந்து பெயர் வாங்கியவை. கோம்பை நாய் மட்டும் காவலுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் நிற்கிறது.

மந்தையைக் காக்க நாய் வளர்ப்பது உலகம் முழுக்க இருந்த பழக்கம். துருக்கியின் காங்கல், பிரான்ஸ் - ஸ்பெயின் எல்லை மலைகளின் வெள்ளை நாய், இமயமலையின் போட்டியா நாய் என்று பெரிய பெரிய இனங்கள். காங்கல் 50 கிலோவுக்கும் மேலே போகும். ஓநாயும் கரடியும் வருகிற மலைகளில், நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு நடுவே நிற்க வேண்டிய நாய் அது. பத்து ஆடு வைத்திருப்பவருக்கு அது கட்டுமா? அதன் தீனிச் செலவுக்கே ஒரு ஆட்டை விற்க வேண்டி வரும்! நம் ஊர்ப் பட்டி நாய் நடுத்தர உடம்போடு நின்றுவிட்டதற்கு வறட்டுக் கொல்லையும் கூழுமே காரணம் என்று சொன்னால் தப்பில்லை.

ரோமானியர்கள் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா, ஆடு காக்கும் நாய் வெள்ளையாக இருக்க வேண்டும், இருட்டில் மேய்ப்பன் அதை ஓநாய் என்று நினைத்து அடித்துவிடக் கூடாது என்கிறார். வீட்டுக் களத்தைக் காக்கும் நாயோ கறுப்பாக இருக்க வேண்டுமாம். பகலில் பார்த்தால் திருடன் பயப்படுவான், இரவில் கண்ணுக்கே தெரியாது! பெரிய பண்ணைக்கு இப்படி இரண்டு நாய் சரி. சிறு விவசாயிக்கு வீடும் பட்டியும் ஒரே இடம், நாயும் ஒன்றுதான்.

அவருக்கு முன்பே வர்ரோ சொன்ன ஒரு சம்பவம் இன்னும் சுவாரஸ்யம். ஒருவர் தூரத்து ஊரில் ஆட்டு மந்தையை நாய்களோடு விலைக்கு வாங்கினார். மேய்ப்பர்கள் மந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சில நாளில் நாய்களும் கிளம்பிவிட்டன. பல நாள் வழியை, கிடைத்ததைத் தின்றுகொண்டே நடந்து, பழைய மேய்ப்பர்களிடமே போய்ச் சேர்ந்தன. காசு கொடுத்தவர் கையில் ஆடு மட்டும் மிச்சம்.

இந்த அறிவை அமெரிக்கர்கள் வெகு தாமதமாகக் கற்றுக்கொண்டார்கள். 1972-இல் அங்கே அரசு நிலங்களில் விஷம் வைத்து ஓநாய், கொயோட் வகைகளைக் கொல்வதற்குத் தடை வந்தது. வேறு வழி தேடியபோதுதான் காவல் நாய் நினைவுக்கு வந்தது. மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியின் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970-களின் பிற்பகுதியில் ஐரோப்பா, துருக்கியில் இருந்து நாய்களை வரவழைத்து விவசாயிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தெரியவந்தது என்னவென்றால், குட்டி முதல் சில மாதங்கள் ஆடுகளோடேயே வளர வேண்டும். அப்படி வளர்ந்தால் ஆடுதான் அதன் கூட்டம். பிறகு மந்தையை விட்டுப் போகாது, அந்நியம் எது வந்தாலும் நடுவில் போய் நின்று குரைக்கும். பெரும்பாலும் சண்டைகூட வேண்டியதில்லை, எதிரி திரும்பிப் போய்விடும். நமீபியாவில் 1994 முதல் இதே முறையில் விவசாயிகளுக்கு நாய் கொடுத்து, ஆட்டையும் காப்பாற்றி, விவசாயி கையால் சிறுத்தை சாவதையும் குறைத்திருக்கிறார்கள். செந்துறையில் ஆட்டுக்குட்டியோடு குட்டியாகக் கொட்டகையில் படுத்து வளரும் நாய்க்கு நடப்பதும் இதுதான். அதை யாரும் ஆராய்ச்சி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் கவனம் போனது இனத்தின் மேல். 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் உண்டு, மந்தை காக்கும் இமயமலை நாயும் உண்டு. 2020-இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும் தேசிய அளவில் இனங்களாகப் பதிவாயின. இதெல்லாம் நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் பால் வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து, ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கும் சிக்கலும் இருக்கிறது. காது கேட்காத நாயைப் பட்டிக்கு வைத்து என்ன செய்வது?

இன்னொரு பக்கம், 2024, 2025-இல் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் செத்த ஆடுகளோடு வந்து நட்டஈடு கேட்டுப் போராடினார்கள். இப்போது ஆட்டுக்கு முக்கிய எதிரியே நாய்தான் என்கிற நிலைமை. கடிக்கிற நாயும், காக்கிற நாயும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பட்டி நாய்க்குப் பட்டையும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. கட்டிப் போட்டால் அது காவல் காக்க முடியாதே!

2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாய்களையும் எண்ணினார்கள். வளர்ப்பு நாய் ஒரு கணக்கு, தெருநாய் ஒரு கணக்கு. கொல்லையோரம் ஆட்டோடு படுத்திருந்த நாயை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது, கணக்கெடுக்க வந்தவர் பார்த்த நேரத்தில் அது எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது.