பனிக்குள்ளே குளிர்காலம் கழிச்ச விமானங்கள்

போன டிசம்பரில் ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு டெட்ராய்ட் திரும்பி வந்தா, வெளியே நிறுத்தியிருந்த கார் கிளம்பவே மாட்டேங்குது. சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்து பார்த்த மெக்கானிக், பேட்டரி வயிறு உப்பியிருந்ததைக் காட்டினார். அரைகுறை சார்ஜோட விட்டுட்டுப் போயிருக்கேன். முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் நீர்த்துப்போய், கடைசியில் மைனஸ் 10லேயே கட்டியாயிடும். இஞ்சினியர்னு பேர் வேற :-)

அந்த வயித்தெரிச்சலோட அடுத்த வாரம் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியம் போனேன். அங்கே மூணு இஞ்சின் ஃபோர்டு விமானம் ஒண்ணு நிக்குது. பேரு 'ஃப்ளாய்ட் பென்னட்'. 1929 நவம்பரில் ரிச்சர்ட் பேர்ட் குழு தென் துருவத்துக்கு மேலே பறந்தது இதில்தான். பறந்த கதை நிறைய பேருக்குத் தெரியும். எனக்கு சுவாரசியமா பட்டது அது பறக்காம கிடந்த மாசங்கள்.

ராஸ் பனித்தட்டு மேலே 'லிட்டில் அமெரிக்கா'ன்னு முகாம் போட்டு 42 பேர் தங்கினாங்க. கூட மூணு விமானம். அந்தப் பக்கம் ஏப்ரலில் மறையற சூரியன் ஆகஸ்டில்தான் திரும்ப முகம் காட்டும்.

முதல் அடி குளிரால் வரலை, காத்தால் வந்தது. 1929 மார்ச்சில் லாரன்ஸ் கூல்டு, பெர்ன்ட் பால்ச்சன், ஹெரால்ட் ஜூன் மூணு பேரும் ராக்ஃபெல்லர் மலைக்கு ஃபாக்கர் விமானத்தில் போனாங்க. புயல் வந்ததும் விமானத்தைக் கட்டித்தான் வச்சாங்க. ஆனா அடிச்ச காத்தில், நின்ன இடத்திலேயே வேகமானி முள் பறக்கிற வேகத்தைக் காட்டுச்சாம்! கடைசியில் கட்டை அறுத்து தூக்கிப் போட்டு நொறுக்கிடுச்சு. ரேடியோவும் அதோட காலி. முகாமுக்கு சேதி இல்லை. பேர்ட் ஃபேர்சைல்டு விமானத்தில் தேடிப்போய்தான் மூணு பேரையும் மீட்டார்.

மிச்சம் ரெண்டு விமானத்தையும் பனியைத் தோண்டி, பனிக்கட்டிச் சுவர் எழுப்பி உள்ளே வச்சாங்க. அங்கே காத்து அடிக்காது. கருவிகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஜில்லுனு இருக்கிற மீட்டரை கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தா, மூக்குக்கண்ணாடி மாதிரி வேர்த்துடும். அந்த ஈரத்தோட திரும்ப வெளியே போனா, உள்ளேயே உறையும். எண்ணெய் கெட்டியானா கடிகார சக்கரங்கள் தடுமாறும். இது அற்ப விஷயம் இல்லை. துருவத்துப் பக்கம் காந்த திசைகாட்டியை நம்ப முடியாதுன்னு, ஆல்பர்ட் பம்ஸ்டெட் செஞ்ச சூரியத் திசைகாட்டியை வச்சிருந்தாங்க. நிழலும் கடிகாரமும் சேர்ந்து வழிகாட்டற கருவி அது. கடிகாரம் தப்பினா வழியும் தப்பும்!

வசந்தத்தில் தோண்டி எடுத்து, துருவம் போய்ட்டு சுமார் 19 மணி நேரத்தில் திரும்பிட்டாங்க. 1930 பிப்ரவரியில் ஊருக்குக் கிளம்பினப்போ ரெண்டு விமானத்தையும் அங்கேயே விட்டுட்டாங்க.

1934 ஜனவரியில் பேர்ட் திரும்ப வந்தார். முகாம் மொத்தமும் பனிக்குள்ளே. குழி தோண்டி இறங்கினவங்க, சும்மா விளையாட்டா டெலிபோனைத் தட்டிப் பார்த்திருக்காங்க. மணி அடிச்சுது! சுவிட்சைப் போட்டா பல்பு மங்கலா எரியுது. நாலு வருஷம் யாரும் தொடாத பேட்டரி. சார்ஜோட விட்டுட்டுப் போயிருக்கணும். அந்தக் குளிரில் பேட்டரி தானா இறங்கற வேகமும் ரொம்பக் குறைஞ்சிடும். என் காரை அழிச்ச அதே குளிர்!

ஃபேர்சைல்டை தோண்டி எடுத்து, சரிபார்த்து, திரும்பப் பறக்கவும் விட்டாங்க. ஃபோர்டை 1935ல் கப்பலில் ஏத்திக் கொண்டு வந்தாங்க. அதுதான் இப்போ டியர்பார்னில், என் அபார்ட்மெண்டிலிருந்து அரை மணி தூரத்தில் நிக்குது. நான் போனது சாயந்திரம். போனது நண்பர் காரில், என்னுதுக்கு இன்னும் பேட்டரி வாங்கலை.