சாளரத்தைப் பிணைத்த பற்றாசு



செய்யுளிலக்கணம் பயின்றவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்னும் பெயர் நினைவில் இருக்கும். இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைக்கும்போது தளை பொருந்தாமல் இடைவெளி விழுமானால், ஓரசையோ ஈரசையோ கூட்டி அவ்விடைவெளியை நிரப்புவர். அவ்வாறு கூட்டிய அசைக்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகள் இரண்டைப் பொருத்துவதற்காகக் கன்னாரும் தட்டாரும் இடையே உருக்கிவிடும் பற்றாசை ஒத்திருந்தமையால் புலவர்கள் அப்பெயரை இட்டார்கள். வானொலி பழுது பார்க்கும் கடையில் நாம் ‘சால்டர்’ என்று கேட்டு வாங்குவதும் இப் பற்றாசின் ஒரு வகையே. ஐரோப்பியத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் இந்த எளிய பொருள் ஆற்றிய பணியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டில் சார்த்ர் என்னும் ஊரின் பேராலயம் 1194இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் சாளரங்களிற் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் நீல நிறத்தைப் புகழாத பயணிகள் இல்லை. ஆனால் அந்த நீலக் கண்ணாடி எதனால் எண்ணூறு ஆண்டுகளாகத் தன் இடத்தில் நிற்கிறது என்று கேட்பவர் சிலரே. அத்தகைய சாளரம் ஒரே பலகையில் தீட்டிய ஓவியம் அன்று. உள்ளங்கையளவும் விரலளவுமாக வெட்டிய பல நிறக் கண்ணாடித் துண்டுகளை, இருபுறமும் காடியுள்ள காரீயப் பட்டைகளில் செருகிச் செருகி அமைத்தது. பட்டையும் பட்டையும் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு துளி பற்றாசு இடப்பட்டிருக்கிறது. கண்ணாடியைப் பற்றாசு தொடுவதே இல்லை. அது காரீயத்தைப் பிணைக்கிறது. காரீயம் கண்ணாடியைத் தாங்குகிறது.

பற்றாசு என்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. வெள்ளீயம் எவ்வளவு எளிதில் உருகும் என்பதை நம் இல்லத்துப் பெண்டிர் நன்கு அறிவர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் சொம்பே ஒழுகிவிடும் அன்றோ? அது 232 செல்சியஸ் பாகையில் உருகும் உலோகம். காரீயம் உருகுவதற்கு 327 பாகை வேண்டும். இவ்விரண்டும் கூடினாலோ, இரண்டினும் குறைந்த சூட்டில் உருகத் தொடங்கும். வெள்ளீயம் ஏறக்குறைய 62 பங்கும் காரீயம் 38 பங்கும் சேர்ந்த கலவை 183 பாகையில் ஒரே கணத்தில் நீராகும். ஆறும்போதும் ஒரே கணத்தில் இறுகும். இவ்விகிதத்தினின்று விலகிய கலவைகள் அப்படியல்ல. அவை 183 பாகையில் இளகத் தொடங்கி, முழுதும் உருகுமுன் சிறிது நேரம் களிபோல் குழைந்து நிற்கும். எந்த வேலைக்கு எந்தப் பற்றாசு என்ற கேள்வியெல்லாம் இந்தக் குழைவைப் பொறுத்ததே என்பதை நினைவில் வையுங்கள்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த உரோம அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் பற்றாசைப் பற்றி எழுதியிருக்கிறார். காரீயத்தை அவர் கருப்பு ஈயம் என்றும் மற்றதை வெள்ளை ஈயம் என்றும் அழைக்கிறார். நம் மொழியும் அவ்வாறே காரீயம், வெள்ளீயம் என்று நிறத்தால் பிரித்திருப்பதைக் காண எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டாகும். கருப்பு இரண்டு பங்கும் வெள்ளை ஒரு பங்கும் சேர்ந்த கலவையால் நீர்க்குழாய்களைப் பற்றவைத்தார்கள் என்று அவர் கூறுகிறார். வெள்ளை இல்லாமல் கருப்பு ஒட்டாது, எண்ணெய் இல்லாமல் அவை இரண்டும் ஒட்டா என்பதும் அவர் குறிப்பு. காரீயம் மிகுந்த அக்கலவை நெடுநேரம் குழைந்து நிற்பது. குழாயின் மூட்டைச் சுற்றி அப்பித் தடவி உருட்டுவதற்கு அது ஏற்றது, விலையும் குறைவு.

ஓராயிரம் ஆண்டுகளுக்குப்பின், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தியோபிலஸ் என்ற புனைபெயர் கொண்ட துறவி ஒருவர் கைவினைகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் இயற்றினார். அவர் ஜெர்மானிய நாட்டவர் என்று கருதுகின்றனர். ஓவியத்துக்கு ஒரு பகுதி, கண்ணாடிக்கு ஒரு பகுதி, உலோகத்துக்கு ஒரு பகுதி என அந்நூல் மூன்று பகுதிகளை உடையது. சாளரம் செய்யும் முறையை அவர் படிப்படியாகச் சொல்லிச் செல்கிறார். சுண்ணம் பூசிய மரப்பலகையில் படத்தை வரைக. காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளக்க. விளிம்பைக் கொறித்துச் சீராக்குக. காரீயத்தை வார்த்துப் பட்டையாக்குக. ஆணியடித்துத் துண்டுகளை நிறுத்துக. ஒரு முகத்தைப் பற்றவைத்தபின் திருப்பி மறுமுகத்தையும் பற்றவைக்க. பற்றாசுக்கு அவர் சொல்லும் அளவு, தூய வெள்ளீயத்தோடு ஐந்தில் ஒரு பங்கு காரீயம்.

பிளினியின் கலவைக்கு இது நேர் எதிர் அன்றோ? அங்கே காரீயம் மிகுதி. இங்கே வெள்ளீயம் மிகுதி. காரணம் வேலையில் இருக்கிறது. சாளரத்தில் பற்றப்படும் பொருளும் காரீயம். அதுவும் மெல்லிய பட்டை. காய்ச்சிய இரும்பு சற்றே நீடித்தால் பட்டை உருகி ஓடிவிடும். சூடு கண்ணாடியில் ஏறினால் கண்ணாடி விரிசலிடும். ஆகவே காரீயத்தினும் நெடிது தாழ்ந்த சூட்டில் உருகி, மூலையில் ஓடிப் படிந்து, விரைந்து இறுகும் கலவை வேண்டும். துறவியின் கலவை ஏறக்குறைய 200 பாகையில் முழுதும் உருகிவிடும். வெப்பமானி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கண்ணும் கையுமே கருவியாக அவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அரசர்களின் போர்களை மனப்பாடம் செய்வதைவிட இத்தகைய செய்திகளை நம் வரலாற்று வகுப்புகள் சொல்லியிருக்கலாம் என்பது என் நெடுநாளைய குறை.

பிளினி சொன்ன எண்ணெயை மறந்துவிடலாகாது. காற்றுப் பட்ட உலோகத்தின்மேல் ஒரு மாசுப்படலம் படர்ந்திருக்கும். அதை நீக்காவிட்டால் பற்றாசு தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு ஓடும். பிற்காலத்துச் சாளரக் கைவினைஞர் மாட்டுக் கொழுப்பைத் தடவினார்கள். நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைத் தூவுகின்றனர். தொழில் ஒன்றே; பொருள்தான் வேறு. ஆசிரியப் பயிற்சியின்போது கைத்தொழில் வகுப்பில் நான் பற்றவைத்த முதல் தகரக் குவளையைச் சுரண்டித் தூய்மை செய்யாமலே ஒட்டினேன். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. ஆசிரியர் தண்ணீர் ஊற்றினார்; அடி வேறு, குவளை வேறாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இத்தொழில் ஒரு புதுத் திருப்பம் பெற்றது. லூயி கம்ஃபர்ட் டிஃபனி என்பவரின் நியூயார்க் பட்டறையில் விளக்குகளுக்கான கண்ணாடிக் கவிகைகளைச் செய்தார்கள். வளைந்த வடிவத்துக்கும் சிறு துண்டுகளுக்கும் தடித்த காரீயப் பட்டை ஒவ்வாது. எனவே ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, துண்டுகளை நெருக்கி வைத்து, பொருந்துவாய் முழுவதிலும் பற்றாசை ஓட்டினார்கள். மூலையில் ஒரு துளியாக ஒளிந்திருந்த பொருள் இங்கே ஓவியத்தின் கோடாகவே ஆகிவிட்டது. விஸ்டீரியா என்னும் பூங்கொடி விளக்கு ஒன்றில் ஏறத்தாழ 2,000 கண்ணாடித் துண்டுகள் உண்டு. அதை வடிவமைத்தவர் அப்பட்டறையின் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்த கிளாரா டிரிஸ்கால் என்பது, அவருடைய கடிதங்கள் 21ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தபின்னரே உலகுக்குத் தெரிந்தது.

இன்று இக்கலையைப் பயில்வோர் பலரும் செப்புத் தகட்டு வேலைக்கு 60க்கு 40 என்ற கலவையை விரும்புகின்றனர். முன் நிற்பது வெள்ளீயம். விரைவில் இறுகுவதால் கோடு திரண்டு வழவழப்பாக நிற்கும். காரீயப் பட்டைகளின் மூட்டுகளுக்குச் சரிபாதிக் கலவையும் வழங்குகிறது. அது தட்டையாகப் பரவும். மின் கருவிகளுக்கென்று குங்கிலியத்தை உள்ளே அடைத்து விற்கும் கம்பியை மட்டும் இதற்குக் கொள்ளலாகாது. அதன் பிசின் கண்ணாடியில் ஒட்டிப் படியும். காரீயம் நஞ்சு என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் அது ஆவியாவதைக் காட்டிலும், விரலில் ஒட்டி உணவோடு வயிற்றுக்குள் செல்வதே பெரிய தீங்கு. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் காரீயப் பற்றாசை 2006இல் கட்டுப்படுத்தியது. குழந்தைகள் கையில் எடுக்கும் பொருள்களுக்கு, வெள்ளியோ செம்போ சிறிது கலந்த காரீயமற்ற வெள்ளீயக் கலவையே தக்கது.

பற்றாசை மிகுதியாக இட்டால் சாளரம் உறுதிபெறும் என்று எண்ணுவது இயல்பு. நடப்பது வேறு. பகல் வெயிலில் காரீயம் விரிகிறது. இரவுக் குளிரில் சுருங்குகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு அசைந்து அசைந்து பட்டை களைத்துப்போகிறது. அது ஒடியும் இடம் பெரும்பாலும் பற்றாசின் நடுவில் அன்று. விறைத்த பற்றாசு முடிந்து மென்மையான காரீயம் தொடங்கும் விளிம்பில்தான். ஆகையால் மூட்டு தாழ்ந்தும் சிறுத்தும் இருக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் காரீயத்துக்கு ஒரு வாழ்நாள் உண்டு. அது தளர்ந்தபின் சாளரத்தைப் பிரித்துப் புதிய பட்டையில் கோக்க வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் யார்க் பேராலயத்தின் கிழக்குப் பெருஞ்சாளரம் ஏறத்தாழ ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்புடையது. கவெண்ட்ரி நகரத்து ஜான் தார்ன்டன் 1405இல் ஒப்பந்தம் செய்துகொண்டு 1408இல் அதை முடித்தார். உருவங்களை அவரே தம் கையால் வரைய வேண்டும் என்பது ஒப்பந்தம். மூட்டுகளைப் பற்றவைத்தவர்கள் யாவர் என்று எழுதி வைக்க எவரும் நினைக்கவில்லை. உடைந்த முகங்களைப் பிற்காலத்தார் துண்டுக் காரீயங்களை இடையிட்டு ஒட்டினார்கள். நூற்றாண்டுகள் செல்லச்செல்ல அம்முகங்கள் சிலந்திவலை படர்ந்தவைபோல் ஆயின. இரண்டாம் உலகப் போரின்போது சாளரம் பாதுகாப்புக்காக இறக்கப்பட்டு, பின்னர் மீண்டும் ஏற்றப்பட்டது. 2008இல் மறுபடியும் இறக்கினார்கள். 311 பலகங்களையும் பிரித்து, கண்ணாடியைத் தூய்மை செய்து, வேண்டாத துண்டுக் காரீயங்களை நீக்கி, புதிய பட்டைகளில் கோத்துப் பற்றவைத்தார்கள். பத்து ஆண்டுகள் கடந்து, 2018இல், பலகங்கள் யாவும் தம் இடத்துக்குத் திரும்பின. இன்று அச்சாளரத்தின்முன் நிற்பவர் காணும் கண்ணாடியிற் பெரும்பகுதி தார்ன்டனுடையது. அதைப் பிடித்திருக்கும் காரீயமும் பற்றாசும் இந்த நூற்றாண்டினுடையவை.