துணி சோதனையும் இஎஸ்லின்ட்டும்: ஒரு ஜாப் ஒர்க் கதை

திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கிற பலர் எல்லா வேலையையும் தாங்களே செய்யறதில்லை. நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். ஒரு கண்ணி நின்றால் என்ன ஆகும் என்பதை ஊர் 2011 ஜனவரியில் பார்த்தது. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தையல் மெஷின் நல்லாத்தான் இருந்தது. சாயம் போட்ட துணிதான் வரலை.

மென்பொருளிலும் இதே ஏற்பாடுதான். அங்கே பெயர் டிபென்டன்சி. இஎஸ்லின்ட்டை எடுத்துக்கொள்வோம். தைத்து வந்த பீஸை செக்கிங் டேபிளில் பார்ப்பது போல, ஜாவாஸ்கிரிப்ட் கோடைப் படித்துக் குறை சொல்லும் கருவி அது. 2013-ல் நிக்கோலஸ் ஜாகஸ் தொடங்கினார். கோடைப் பிரித்துப் படிக்க எஸ்ப்ரிமா, எந்த மாறி எங்கே செல்லும் என்று கண்டுபிடிக்க எஸ்கோப் என இரண்டும் வெளியாள் வேலை. மொழியில் வந்த புது வசதிகளுக்கு எஸ்ப்ரிமா ஈடுகொடுக்கவில்லை என்று 2014 கடைசியில் அதைப் பிரதியெடுத்து எஸ்ப்ரீ ஆக்கினார்கள். (2016-ல் எஸ்ப்ரீயே ஏகார்ன் என்ற இன்னொரு வெளி வேலையின் மேல் உட்கார்ந்தது. ஜாப் ஒர்க்கை அவ்வளவு சீக்கிரம் விட முடியுமா என்ன!) 2017-ல் எஸ்கோப்பும் இஎஸ்லின்ட்-ஸ்கோப் ஆகி உள்ளே வந்தது.

அடி விழுந்தது அப்படி உள்ளே கொண்டுவந்த பொருளில்தான்.

2018 ஜூலை 12. பராமரிப்பாளர் ஒருவர் வேறு தளத்திலும் பயன்படுத்திய கடவுச்சொல்லை வைத்து யாரோ அவருடைய என்பிஎம் கணக்கில் நுழைந்தார்கள். இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கவில்லை. இஎஸ்லின்ட்-ஸ்கோப் 3.7.2 வெளியானது. நிறுவும்போதே அது நம் கணினியில் உள்ள என்பிஎம் டோக்கனைத் திருடி அனுப்பும். வெப்பேக்கும் பேபல்-இஎஸ்லின்ட்டும் இதைப் பயன்படுத்தின, 3.7.1-க்குப் பிறகு சின்னத் திருத்தம் வந்தால் தானாக எடுத்துக்கொள் என்பது அவற்றின் ஏற்பாடு. ஆக, இந்தப் பேரையே கேள்விப்படாதவர்களுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்தது.

காப்பாற்றியது திருடனின் அரைகுறை வேலை. துண்டு துண்டாக வரும் நிரலை முழுசாக வரும்முன்பே இயக்கிவிட்டதால் சிலருக்கு நிறுவும்போது பிழை வந்தது. ஒருவர் புகார் போட்டார். இரண்டு மணி நேரத்துக்குள் நீக்கினார்கள். சுமார் 4,500 கணக்குகளின் டோக்கன் போயிருக்கலாம் என்று கணித்த என்பிஎம், அன்று வரை கொடுத்த எல்லா டோக்கனையும் ரத்து செய்தது.

நம்ம ஊர்ல சாய லாட்டை மாற்றிக் கலக்க மாட்டார்கள். பாடி ஒரு லாட், கை ஒரு லாட் என்றால் ஷேடு தெரிந்துவிடும். லாக் கோப்பு செய்வதும் அதுதான்: எந்தப் பதிப்பு, அதன் ஹாஷ் என்ன என்று எழுதி வைத்து அதை மட்டுமே எடுக்கும். என்பிஎம் 5 அதை 2017-லேயே கொடுத்திருந்தது. பழைய லாட்டை எழுதி வைத்திருந்தவர்களுக்கு அன்று 3.7.2 வரவேயில்லை. ஆனால் எழுதிய லாட்டே கெட்டுப்போன லாட் என்றால் லாக் கோப்பு அதையும் விசுவாசமாகக் கொண்டு வரும். பிறகு இஎஸ்லின்ட் குழு எழுதிய விளக்கத்தில் லாக் கோப்போடு கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் இடம்பெற்றது அதனால்தான். குடோன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.