கடலில் தாழ்வு, மனத்தில் அழுத்தம்

ஐப்பசி பிறந்தால் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' நம் வீட்டுச் சொல்லாகிவிடும். அதன் ஆங்கில மூலம் 'டிப்ரஷன்'. 1929இல் தொடங்கி உலகையே வாட்டிய பொருளாதாரப் பெருமந்தத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மனநோய் ஒன்றுக்கும் அதே பெயர். கடலுக்குத் தாழ்வு, சந்தைக்கு மந்தம் என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த நாம், மனத்துக்கு வந்ததும் 'அழுத்தம்' என்றோம். வேடிக்கை என்னவென்றால், கடலில் அழுத்தம் குறைந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர்!

வேர்ப்படி பார்த்தால் பிழையில்லை. அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குக் கீழே அமுக்குதல் என்றே பொருள். ஆனால் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கும் மன அழுத்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தேர்வுக்கு முதல் நாள் தவிக்கிற பையனுக்கும் மன அழுத்தம், இரண்டு மாதமாய்க் குளிக்கக்கூட எழ மனமில்லாதவருக்கும் மன அழுத்தம். பையனின் தவிப்பு தேர்வோடு போய்விடும். மற்றவரிடம் உறவுக்காரர்கள் கேட்பார்கள்: "சம்பளம் வருது, சொந்த வீடு இருக்கு, உனக்கு என்னப்பா பிரஷர்?" அழுத்தம் என்றால் அழுத்துகிற ஒன்று வெளியே இருந்தாக வேண்டும் அல்லவா?

நோய்க்கு அந்த நிபந்தனை இல்லை. இழப்பு, கடன், குடி, தனிமை ஆகியவை அதைக் கிளப்பலாம். குடும்பவழி வரலாம், தைராய்டு குறைவிலும் வரலாம், பிரசவத்துக்குப் பின்னும் வரலாம். காரணமே புலப்படாமலும் வருவதுண்டு.

பழைய பெயர் 'மெலன்கோலியா'. கிரேக்க மொழியில் கரும்பித்தம். பித்தம் முற்றினால் மனம் கெடும் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். நம் 'பித்து' என்ற சொல்லும் பித்தத்தோடு உறவுடையதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடால்ஃப் மேயர் என்ற மருத்துவர் 'மெலன்கோலியா'வை விலக்கி 'டிப்ரஷன்' என்ற பெயருக்கு ஆதரவு தேடினார். அந்நோயில் வீழ்ந்து மீண்ட நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1990இல் எழுதிய நூலில், இவ்வளவு பெரிய நோய்க்கு இத்தனை சோப்ளாங்கிப் பெயரா என்று மேயரைச் சாடினார். மூளைப் புயல் என்று பொருள்படும் பெயரே பொருந்தும் என்பது அவர் எண்ணம். நம் வானிலைக்காரர்களுக்கு அது வியப்பாக இராது. தாழ்வு மண்டலம் வலுத்தால் புயல்தானே.

என் வாக்கு 'மனச்சோர்வு'க்கு. சோர்வு என்றால் இன்று அசதி. ஒரு காபியில் தீரும் என்று நினைக்கிறோம். பழந்தமிழில் சோர்தல் வேறு: கட்டிய கூந்தல் சோரும், உடுத்த துகில் சோரும், கண்ணீர் சோரும். பிடியிலிருந்து நழுவுவது அது. நோயும் அப்படித்தான். முதலில் ஆசைகள் நழுவும். பிடித்த பாட்டும் பிடிக்காது. பிறகு தூக்கமும் பசியும் (சிலருக்கு இரண்டும் கூடிவிடும்), கவனம், தன்மதிப்பு, கடைசியில் உயிர்மேல் உள்ள பிடி. இப்படிப்பட்ட குறிகள் பல சேர்ந்து, ஏறக்குறைய நாள் முழுதும், இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கொள்கிறார்கள். பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் உண்டு.

அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "ஒண்ணுமே பிடிக்கல" என்று தொடங்குங்கள், போதும்.