பாத்தியும் சேசிஸும்: மழை எழுதிய ஒரு துப்பாக்கி வரலாறு

உடும்பஞ்சோலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரக்கதவுகள் சட்டத்தோடு இறுகிக்கொள்ளும். கோடையில் சிறு விரலால் தள்ளித் திறந்த கதவை ஆடியில் தோள் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். ஏலக்காட்டில் வளர்ந்தோர் எவருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் அதைக் கக்கிச் சுருங்கும். கதவு உப்பினால் தச்சர் இழைப்புளியோடு வருவார். ஒரு துப்பாக்கியின் கட்டை உப்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான், கடந்த நூறாண்டுப் படைக்கல வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு பகுதி என் கண்ணில் பட்டது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் மேற்கே தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழில் நாம் துப்பாக்கிக் கட்டை, பிடங்கு என்று சொல்வதை மலையாளத்தில் ‘பாத்தி’ என்கிறார்கள். தமிழ் உழவருக்குப் பாத்தி என்பது வரப்புக் கட்டி நீர் நிறுத்தும் நிலத்துண்டு. இரண்டையும் ஒரே வேரில் கட்ட நான் முற்படவில்லை. ஆனால் தமிழ்ச் செவிக்கு அந்த மலையாளச் சொல் ஓர் உண்மையை உணர்த்துகிறது. பழைய துப்பாக்கியில் இரும்புக் குழலும் அதன் இயங்குபகுதியும், பாத்தியில் நட்ட நாற்றைப் போல, மரத்தில் குடைந்த பள்ளத்தில் படுத்திருக்கின்றன. குறி தவறாமல் இருப்பது அந்தப் படுக்கையின் உறுதியைப் பொறுத்தது.

ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையை மரத்தின் சில சிறு பரப்புகளே தாங்குகின்றன. மரம் உப்பினால் குழலை ஒரு பக்கமாக நெருக்கும். சுருங்கினால் இயங்குபகுதி தளர்ந்து ஆடும். இரண்டிலும் குண்டு விழும் இடம் மாறிவிடும். நெடுங்காலம் உதை வாங்கிய மரம் நாரோட்டத்தை ஒட்டிப் பிளக்கவும் செய்யும். ஐரோப்பாவில் அக்ரூட் மரத்தைத் தேர்ந்தெடுத்ததே அது இந்த அடியையும் ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பதால்தான். ஆனால் அந்தப் பொறுமை ஐரோப்பிய வானிலையில் அளக்கப்பட்டது. வங்கத்துப் புழுக்கத்திலும் மலைநாட்டு மழையிலும் அதே கணக்கு செல்லுபடியாகவில்லை.

இங்கேதான் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட அதன் துப்பாக்கித் தொழிற்சாலை, 1907இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு மார்க் 3 வகையைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. இஷாப்பூரில் செய்யப்பட்ட துப்பாக்கிகளிலும், பழுதுபார்க்க அங்கே வந்து திரும்பிய பழையவற்றிலும், ரவைப்பெட்டிக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி ஊடுருவிச் செல்வதைக் காணலாம். ஈரத்திலும் வெம்மையிலும் மரம் பிளந்து விரியாமல் இருபுறமும் இறுக்கிப் பிடிப்பதே அதன் வேலை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை உள்நாட்டு மென்மரத்தைப் பயன்படுத்த நேர்ந்தபோது, உதை விழும் இடத்தில் செப்புத் தகடு பதித்தது. வெவ்வேறு மரம், வெவ்வேறு வானிலை. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

1962 சீனப் போருக்குப் பின் இந்தியப் படை 7.62 மில்லிமீட்டர் நேட்டோ ரவைக்கு மாறியது. புதிய துப்பாக்கிகள் போதிய எண்ணிக்கையில் வரும்வரை இடைவெளியை நிரப்ப, இஷாப்பூர் பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தையே வலுவான எஃகில் வார்த்து, 12 ரவை கொள்ளும் சதுரப் பெட்டியோடு 2ஏ, 2ஏ1 என்ற பெயர்களில் வெளியிட்டது. 2ஏ1இல் குறிப்பலகையின் எல்லை 2000 மீட்டரிலிருந்து 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ரவை மாறியது, எஃகு மாறியது, குறிப்பலகை மாறியது. கட்டையில் அந்தக் குறுக்குத் திருகு மட்டும் நிலைத்தது.

அதே 1960களில் இந்தியப் படைக்கு வந்த 1ஏ1 எனும் தானே ரவை ஏற்றும் துப்பாக்கி, நம் காவலர் தோளில் பலரும் கண்ட ‘எஸ்.எல்.ஆர்.’, இந்தக் கேள்வியையே வேறு விதமாகக் கடந்தது. பெல்ஜியத்து எஃப்.என். ஃபால் வடிவத்தின் வழிவந்த அதில், குழலையும் இயங்குபகுதியையும் தாங்கும் எலும்புக்கூடு முழுவதும் உலோகம். பின்கட்டையும் முன்கைப்பிடியும் மரமாக இருந்தாலும் அவை உடலின் மேல் போர்த்திய சட்டை மட்டுமே. மழையில் அந்த மரம் உப்பினாலும் குழல் நெருக்குண்ணாது. மரம் தன் கட்டமைப்புப் பொறுப்பை இழந்த இடம் இது. துப்பாக்கி வரலாற்று நூல்கள் 1ஏ1ஐ, ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு பாய்ந்து அடுத்தது தானே ஏறும் வேகத்துக்காக நினைவுகூர்கின்றன. பருவமழை நாட்டுக்கு அதன் உலோகக் கூடும் அதே அளவு முக்கியமானது.

அமெரிக்கா இந்த மாற்றத்தைச் செய்யாமல் அரைத்தானியங்கிக்குள் நுழைந்தது. 1957இல் ஏற்கப்பட்ட எம்14, ஜான் கராண்டின் புகழ்பெற்ற வடிவத்தின் வாரிசு. பழைய முறைப்படியே மரப்படுக்கையில் கிடந்தது. வியட்நாம் காட்டின் ஈரத்தில் அதன் கட்டை உப்பியது, குறி தவறியது. கண்ணாடியிழைக் கட்டைகள் செய்யப்பட்டன. அவை பரவலாகும் முன்னே 1964இல் துப்பாக்கியின் உற்பத்தியே நின்றது. அதிலிருந்து பிறந்த எம்21 எனும் குறிசுடும் வகைக்கு, மரத்துக்குள் பிசினை ஊறவைத்துப் பார்த்தார்கள். ஆயினும் துப்புரவுக்காகக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் படுக்கை சிறிது தேய்ந்தது.

இறுதி விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1980களில் பிரித்தானியப் படை ஏற்ற எல்96 துப்பாக்கியை வடிவமைத்த குழுவில், 1984, 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மால்கம் கூப்பர் இருந்தார். அதில் இயங்குபகுதி அமர்ந்தது ஓர் அலுமினியச் சட்டத்தின் மேல். கையில் படும் நெகிழிப் பகுதிகள் அதன்மேல் திருகப்பட்ட ஓடுகள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாரம் முழுவதையும் சேசிஸ் தாங்கும். மேலே வரும் கூடு உரிமையாளர் விருப்பம். துப்பாக்கித் துறையிலும் அதற்குச் சேசிஸ் என்றே பெயர். 2000களின் தொடக்கத்தில் சேஜ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனம், கிடங்குகளில் உறங்கிய எம்14களுக்கு இத்தகைய அலுமினியச் சேசிஸைத் தனியே செய்து அளித்தது. உலோகத்தோடு உலோகம் பொருந்தியதால், கழற்றி மாட்டினாலும் இருக்கை மாறவில்லை. எடை கூடியது, சுமந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லவும் செய்தனர். ஆயினும் நாற்பதாண்டுப் பழைய துப்பாக்கி எம்கே 14 என்ற புதுப் பெயரோடு ஆப்கானிஸ்தானத்து மலைகளுக்குச் சென்றது.

தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கருவியைப் பின்னாளில் வேறொருவர் செய்த உறுப்பால் மீட்பதையே வணிக மொழியில் பின்சந்தை என்கிறார்கள். டேவிட் எட்ஜர்டன் தமது ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில், தொழில்நுட்ப வரலாற்றைப் புதுக் கண்டுபிடிப்புகளின் பட்டியலாக எழுதுவது தவறு. பயன்பாடும் பராமரிப்புமே அதன் பெரும்பகுதி என்று வாதிடுகிறார். துப்பாக்கிக் கட்டை அதற்குத் தெளிவான சான்று. இந்தியாவிலும் இன்று அதே பாதை தொடர்கிறது. பெங்களூரின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ், பழைய ஏகே வகைகளுக்கான மாற்று உறுப்புத் தொகுதிகளை வடிவமைத்தது. ஏகேயின் உடலும் 1ஏ1 போல் உலோகமே என்பதால் அங்கே தேவைப்படுவது புதுச் சட்டை, சேசிஸ் அல்ல. 1966இல் அமைந்த திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை ஏகே வழிவந்த 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியைத் தன் ஊர்ப்பெயரிலேயே வெளியிட்டது.

உடும்பஞ்சோலைக்குத் திரும்புவோம். இங்குள்ள உழவர் எவரும் அரைத்தானியங்கி ரைஃபிளுக்குச் சேசிஸ் வாங்கப் போவதில்லை; 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் அத்தகைய படைக்கலங்களைச் சாதாரண உரிமத்துக்கு எட்டாத தொலைவில் வைத்திருக்கின்றன. படையின் .303 ரவை குடிமக்களுக்குத் தடைப்பட்டதால், அதே லீ-என்ஃபீல்டு இயங்குபகுதியில் .315 என்ற வேறு ரவைக்கு இஷாப்பூர் ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்தது. 2022 மே மாதம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபோது, உரிமம் உள்ள பழைய துப்பாக்கிகள் திடீரென்று பொதுப் பேச்சுக்கு வந்தன. எத்தனை பேரிடம் உரிமம் இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தத் துப்பாக்கிகளின் கட்டைகள் எத்தனை மழைக்காலம் கண்டவை என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பிளந்த கட்டை குறியைத் தவறவிடும். தவறிய குண்டு பன்றியோடு நிற்காது. ஏலக்காட்டில் புதருக்கு அப்பால் கூலியாட்கள் இருப்பார்கள்.

லீ, கராண்ட், கலாஷ்நிகோவ் என்று இயங்குபகுதியை உருவாக்கியவர்களின் பெயர்கள் கருவிக்கே பெயராகிவிட்டன. கட்டையின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் பேறு அரிது. ஹூக்ளிக் கரையில் மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி போடலாம் என்று முடிவு செய்த கைக்கு ஊரின் பெயர் மட்டும் மிஞ்சியது. அந்தக் கை நம் வானிலையை அறிந்த கை. காலனியப் படைக்கலத்தை இந்தியா அப்படியே பெற்றுக்கொண்டது என்று எழுதும் நூல்களுக்கு அந்த ஒரு திருகாணி போதுமான மறுப்பு.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் குழலின் விட்டத்தோடு நின்றுவிடாமல், கட்டையின் மரத்தையும் அதில் ஏறிய ஒட்டுகளையும் திருகுகளையும் பதிவு செய்ய வேண்டும். அருங்காட்சியகங்களிலும் காவல்துறைப் படைக்கலக் கிடங்குகளிலும் அவை இன்னும் இருக்கின்றன. மலைநாட்டில் பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்த்த உரிமம் பெற்ற கடைகளையும், அவற்றில் மரவேலை செய்த தச்சர்களையும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இப்போதும் உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு இன்னும் நெடுங்காலம் இல்லை.