பருத்திக்காட்டு வேட்பாளர் – 6: எட்டு நிமிடம்

கதவு திறந்தது.

போன வாரம் அந்தக் கதவுக்கு வெளியேதான் மிசிசிப்பிப் பருத்திக் கூலிப்பெண் ஃபேனி லூ ஹேமரை நிறுத்திவிட்டுப் பிரிந்தோம். இன்று அவரோடு உள்ளே போகிறோம்.

அட்லாண்டிக் சிட்டி. 1964 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. உள்ளே ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கான தகுதிச் சரிபார்ப்புக் குழு உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் தொலைக்காட்சி காமிராக்கள். மிசிசிப்பியிலிருந்து இரண்டு அணிகள் வந்து, மாநாட்டில் தங்களுக்குத்தான் இடம் என்கின்றன. ஒன்று, வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட அதிகாரபூர்வ அணி. மற்றொன்று, நான்கே மாதங்களுக்கு முன் பிறந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி. பருத்திக் கூலிகளும் சிறு கடைக்காரர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களுமாக 68 பேர். அந்த மாகாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்கிறார்கள்.

இவர்களுக்காக வாதாட வந்த வக்கீல் ஜோசப் ரௌ, இரண்டே எண்களை மனதில் வைத்திருந்தார். 11, 8. சரிபார்ப்புக் குழுவில் 11 பேர் துணைக்கு நின்றால் போதும், குழுவின் பெரும்பான்மை எதிர்த்தாலும் விவகாரம் மாநாட்டு மேடைக்குப் போய்விடும். அங்கே 8 மாநிலங்கள் கேட்டால் மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நாடே பார்க்கும்போது, மிசிசிப்பி வெள்ளையர் அணிக்குத்தான் எங்கள் ஓட்டு என்று எந்த மாநிலம் எழுந்து சொல்லும்?

அந்த 11 பேரைப் பிடிக்கச் சட்டப் புத்தகம் போதாது. ஒரு குரல் வேண்டும். ரௌ அந்தக் குரலைத்தான் அழைத்தார்.

ஹேமர் எழுந்தார். இளம்பிள்ளைவாதத்தில் சின்ன வயதிலேயே பாதிக்கப்பட்ட கால். அதோடு, போன வருடம் சிறையில் வாங்கிய அடி. மெல்லத்தான் நடந்து வந்தார்.

அந்த வருட மார்ச்சில் அவர் வேட்புமனு கொடுத்த கதையை விரிவாகவே பார்த்துவிட்டோம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. எதிரே நின்றவர் ஜேமி விட்டன், 1941 முதல் அசையாமல் உட்கார்ந்திருந்த எம்.பி. தொகுதியில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. ஆனால் மாகாணம் முழுக்க, ஓட்டுப்போடத் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. மனு ஏற்கப்பட்டதும் கணவர் பாப் ஹேமரின் வேலை போனது. கட்சிக்குள் நடந்த அந்த முதற்கட்டத் தேர்தலில் கிடைத்தவை சில நூறு ஓட்டுகள்.

அவர் ஜெயிப்பதற்காக நிற்கவில்லை, ஒரு அடையாளத்துக்காகத்தான் நின்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அடையாளத்துக்காக நிற்கிறவர் ஒருமுறையோடு விட்டுவிடுவார். இவர் அதே வருடம் நவம்பர் தேர்தலிலும் நிற்க முயன்றார். 1971-இல் மாநில செனட்டுக்கு நின்றார். அந்த நாற்காலி தன் ஊர் ஜனங்களுக்கு உரியது என்று நம்பினார். அதில் உட்கார விரும்பினார். வேறு எந்த விளக்கமும் அவரைச் சின்னதாக்கிவிடும்.

மைக் முன்னால் உட்கார்ந்தார். கையில் காகிதம் இல்லை.

பெயரைச் சொன்னார். அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? தன் வீட்டு முகவரியை. தெருப் பெயர், கதவு எண், ரூல்வில் என்ற ஊர், சன்ஃப்ளவர் மாவட்டம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அது செனட்டர் ஈஸ்ட்லேண்டின் மாவட்டம் என்பதையும் சேர்த்தே சொன்னார். கறுப்பினத்தவரின் உரிமைக்கு வாஷிங்டனில் குறுக்கே நின்ற பெரும் புள்ளி அந்த ஈஸ்ட்லேண்ட். 1962-இல் ஹேமர் அடைக்கலம் புகுந்திருந்த வீட்டின் மேல் 16 முறை சுட்டவர்கள் அப்போதும் வெளியில்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், வந்து பாருங்கள் என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்ன மாதிரி இருந்தது அது.

பிறகு கதையை ஆரம்பித்தார்.

18 பேராகப் பழைய பஸ் ஒன்றில் இண்டியனோலாவுக்குப் போனதைச் சொன்னார். வாக்காளராகப் பதிவதற்கு மாநில அரசியல் சட்டத்தில் பரீட்சை வைத்ததைச் சொன்னார். திரும்பும் வழியில் போலீஸ் மறித்து, பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டதைச் சொன்னார். அன்று மாலையே பண்ணை முதலாளி வந்து நின்றதைச் சொன்னார். ஹேமர் 18 வருடம் அந்தப் பண்ணையில் வேலை செய்தவர். கூலியாட்களின் வேலை நேரத்துக்குக் கணக்கு வைத்தவர். பதிவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் பண்ணையை விட்டுப் போ என்றார் முதலாளி.

“ஐயா, உங்களுக்காக நான் பதியப் போகலீங்க. எனக்காகத்தான் போனேன்.”

அன்று இரவே வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

ஹால் அமைதியானது. ஹேமரின் குரல் ஏறிக்கொண்டே போனது. அடுத்து வினோனா. பயிற்சி முகாம் முடிந்து பஸ்ஸில் திரும்பியவர்களை அந்த ஊரில் பிடித்து அடைத்த கதை. பக்கத்து அறையில் ஒரு பெண் அலறுவதைத் தன் அறையிலிருந்து கேட்டது. பிறகு தன் முறை வந்தது. காவலர்கள் கறுப்பினக் கைதிகள் இருவர் கையில் தடியைக் கொடுத்து, அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி...

இந்த இடத்தில்தான் அது நடந்தது.

நாட்டின் தொலைக்காட்சிகளில் ஹேமரின் முகம் மறைந்தது.

வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் திடீரென்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார் என்று செய்தி. துணை ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கப்போகிறாரோ? மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் அங்கே தாவின. ஜான்சன் வந்தார். கென்னடி சுடப்பட்டு இன்றோடு ஒன்பது மாதம் என்றார். இன்னும் சில வார்த்தைகள் பேசினார். யார் பெயரையும் அறிவிக்கவில்லை.

ஜான்சனை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஜூலையில் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். ஆனால் அவர் கண்ணுக்கு நவம்பர் தேர்தல் மட்டுமே தெரிந்தது. மிசிசிப்பி வெள்ளையர் அணியை வெளியே அனுப்பினால் தெற்கு மாநிலங்கள் வரிசையாக எழுந்து நடந்துவிடும். தெற்கு போனால் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்குக் கொண்டாட்டம். கொல்லப்பட்ட ஒருவரின் இடத்தில் உட்கார்ந்தவருக்கு, சொந்தப் பெயரில் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. அந்த வெறியின் குறுக்கே ஒரு பருத்திக் கூலிப்பெண் வந்து நின்றார். ஜான்சன் பயந்தார். பயந்துதான் மைக்கைப் பிடித்தார். அது தவறு. சரித்திரத்தில் அவருக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் அது தவறுதான்.

அட்லாண்டிக் சிட்டியில் பேச்சு நிற்கவில்லை.

கைதிகள் ஓயும்வரை அடித்ததை ஹேமர் சொல்லி முடித்தார். சிறுநீரகம் கெட்டது, கண்ணில் ரத்தம் கட்டியது, எல்லாம் அந்த அடியில்தான். இத்தனையும் ஓட்டுரிமை கேட்டதற்காக என்றார். எங்கள் கட்சிக்கு இங்கே இடம் இல்லை என்றால் இந்த அமெரிக்காவையே கேள்வி கேட்கிறேன் என்றார். மனிதர்களாக வாழ விரும்பியதற்காக உயிர் மிரட்டலோடு தூங்க வேண்டியிருக்கிறதே, இதுதானா சுதந்திர நாடு என்று கேட்டார். எழுந்தார்.

ஏறத்தாழ எட்டு நிமிடம். குழு உறுப்பினர்களில் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஜனாதிபதியின் திட்டம் மாலைக்குள் கவிழ்ந்தது. அன்று இரவு, குடும்பமே பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சைத் திரும்பப் போட்டன. மத்தியானம் பார்த்திருக்கக்கூடியவர்களைவிடப் பல மடங்குப் பேர் பார்த்தார்கள். தந்திகள் குவிந்தன. ரௌ தலைகளை எண்ணினார். 11-ஐத் தாண்டியிருந்தது!

ஆனால் ஜான்சன் தோல்விக்குப் பழகியவர் அல்ல. காமிரா கைவிட்டால் என்ன? தொலைபேசி இருக்கிறது.

செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரீ துணை ஜனாதிபதி வேட்பாளராகத் துடித்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் பேசியவர். அவரிடமே பொறுப்பு போனது. முதலில் மிசிசிப்பி விவகாரத்தை முடித்துக் காட்டு, பதவியைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் செய்தி. சரிபார்ப்புக் குழு உறுப்பினர்களுக்கும் அழைப்புகள் போக ஆரம்பித்தன. அவர்களில் ஒரு பெண் உறுப்பினரின் கணவர் நீதிபதிப் பதவிக்குக் காத்திருந்தார். அந்தப் பதவி கிடைக்குமா என்பது இனி மனைவியின் கையில் என்று சொல்லப்பட்டது.

ஞாயிறு விடிந்தபோது பேரம் தொடங்கிவிட்டது. ஹம்ஃப்ரீயும் ஹேமரும் ஒரே அறையில், நேருக்கு நேர் உட்காரப்போகிறார்கள். ஹேமர் கேட்கப்போகும் ஒரு கேள்வி ஹம்ஃப்ரீயின் கண்களைக் கலங்க வைக்கப்போகிறது.

ரௌ எண்ணிவைத்த அந்த உறுப்பினர்களில் எத்தனை பேர் கடைசிவரை நின்றார்கள்? அடுத்த வாரம் சொல்கிறேன், காத்திருங்கள்.