இறந்த மூளையிலிருந்து வாழும் மூளைக்கு: அல்சைமர் நோயறிதலும் காந்தப் பரிவுப் படமும்

நோயொன்றின் வரலாறு அந்நோயால் வருந்தியோரின் வரலாறு மட்டுமன்று. அதனைக் காண்பதற்கு மனிதர் கையாண்ட கருவிகளின் வரலாறும், காணவேண்டும் என்னும் நாட்டத்தைத் தோற்றுவித்த சமூக நிலைமைகளின் வரலாறும் அதனுள் அடங்கும். அல்சைமர் நோய் இதற்குத் தக்கதொரு சான்றாகும். 1906ஆம் ஆண்டிலே முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயின் அடையாளங்கள் நெடுங்காலம் இறந்தோரின் மூளையிலேயே காணப்பட்டன. எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்தப் பரிவுப் படம் வந்த பின்னரே, வாழ்வோரின் மூளையில் அந்நோய் விளைக்கும் சிதைவை நுணுக்கமாக அளந்தறிதல் கைகூடிற்று. இம்மாற்றத்தை ஒரு கருவியின் வெற்றியாக மட்டும் எடுத்துரைப்பது பொதுவழக்காகும். ஆயின், அக்கருவி பயன்படுவதற்கு முன்னர் நோய் பற்றிய கருத்தே மாறவேண்டியிருந்தது. அக்கருத்து மாறிய வகையையும், கருவி காட்டுவன, காட்டாதன யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி அனுமதிக்கப்பட்டார். ஞாபகக் குறைவும், கணவர்மீது கொண்ட காரணமற்ற ஐயமும், இடமும் காலமும் அறியாத தடுமாற்றமும் அவரிடம் காணப்பட்டன. அவரைப் பரிசோதித்த வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், தாம் கேட்ட வினாக்களையும் அவர் அளித்த விடைகளையும் விரிவாகக் குறித்துவைத்தார். உயிருள்ள மூளையின் உள்ளே நோக்க வழியற்றிருந்த அக்காலத்தில் உரையாடலே வைத்தியரின் முதன்மையான கருவியாயிருந்தது எனலாம்.

1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தார். அவ்வேளை அல்சைமர் மியூனிச் நகரில், புகழ்பெற்ற மனநோய் மருத்துவ அறிஞராகிய எமில் கிரேப்பலினின் கீழ்ப் பணியாற்றிக்கொண்டிருந்தார். மூளை அவரிடம் அனுப்பப்பட்டது. வெள்ளியுப்பால் சாயமேற்றி நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, நரம்புக் கலங்களுக்குள்ளே முறுக்குண்ட நார்ச்சிக்கல்களையும், கலங்களுக்கு வெளியே விசித்திரமான படிவுகளையும் அவர் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி டியூபிங்கனில் கூடிய மனநோய் மருத்துவர் மாநாட்டில் இக்கண்டுபிடிப்பை அவர் எடுத்துரைத்தபோது, கூடியிருந்தோரிடமிருந்து வினா எதுவும் எழவில்லை.

இந்நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டவர் கிரேப்பலின். 1910இல் வெளிவந்த தமது பாடநூலின் எட்டாம் பதிப்பில் அவர் இதனை, முதுமை எய்துமுன் தோன்றும் தனியொரு நோயாக வகுத்தார். இவ்வகுப்பு அக்காலச் சான்றுகளுக்கு முற்றிலும் இயைந்ததன்று. 1907ஆம் ஆண்டிலேயே பிராக் நகரின் ஒஸ்கார் பிஷர், முதுமையில் அறிவுத் தேய்வுற்று இறந்த 12 பேரின் மூளைகளில் அத்தகைய படிவுகளைக் கண்டு வெளியிட்டிருந்தார். லைபீரியாவிற் பிறந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணியாற்றிய கறுப்பின மருத்துவர் சொலமன் காட்டர் புல்லர், மியூனிச்சில் அல்சைமரிடம் பயின்றவர்; அவரும் இம்மாற்றங்களை ஆராய்ந்து எழுதினார். எனினும் கிரேப்பலின் இட்ட எல்லைக்கோடே நிலைத்தது. அதன் விளைவாக, ஐம்பது வயதில் நினைவிழந்தவர் நோயாளராகவும், எழுபது வயதில் நினைவிழந்தவர் வெறும் முதியவராகவும் கருதப்பட்டனர். பெருந்தொகையினரின் துன்பம் இயற்கையின் நியதி எனக் கொள்ளப்பட்டமையால் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகவில்லை.

இந்நிலை மாற அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த பிளெஸ்ட், ரொம்லின்சன், றோத் ஆகிய மூவரும், முதியோர் உயிருடன் இருந்தபோது அவர்தம் அறிவாற்றலை மதிப்பிட்டு, இறந்தபின் மூளையிலுள்ள படிவுகளை எண்ணி, இரண்டிற்கும் தொடர்புண்டென நிறுவினர். 1976இல் அமெரிக்க நரம்பியலறிஞர் ரொபர்ட் காட்ஸ்மன், வயதின் அடிப்படையில் நோயை இரண்டாகப் பிரிப்பதற்கு நியாயமில்லை என்றும், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளின் அது தமது நாட்டின் முதன்மையான மரண காரணங்களுள் ஒன்றாகும் என்றும் எழுதினார். அரிதான நோய் ஒன்று பெருநோயாகிய இவ்வேளையில் மூளையில் மாற்றமேதும் நிகழ்ந்துவிடவில்லை. மூளையை நோக்கிய பார்வையே மாறிற்று. நோயாளர் தொகை பெருகுவதற்கு இவ்வாறு வகைப்பாடும் ஒரு காரணமாகலாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே காலப்பகுதியிலேயே கருவியும் உருவாகி வந்தது. அதற்குமுன், 1919இல் வோல்டர் டாண்டி அறிமுகப்படுத்திய முறையில், மூளையைச் சூழ்ந்த திரவத்தை அகற்றிக் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படமெடுத்தனர். நோயாளிக்கு அது மிகுந்த வேதனை தருவதாயிருந்தது. 1971 ஒக்டோபரில் ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய சி.ரி. ஸ்கான் முதன்முறையாக லண்டனில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது. கட்டிகளையும் இரத்தக்கசிவையும் காட்ட வல்லதாயினும், மண்டையோட்டின் அடித்தள எலும்பை ஒட்டிய பகுதிகளை அது தெளிவாகக் காட்டவில்லை. நினைவோடு தொடர்புடைய பகுதியோ அவ்விடத்தை அண்டியே அமைந்துள்ளது.

காந்தப் பரிவு என்னும் தோற்றப்பாடு பௌதிகவியலாரின் ஆய்வுகூடங்களிற் பிறந்தது. புளொக்கும் பேர்செலும் 1946இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளுக்காக 1952ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். வலிமைமிக்க காந்தப் புலத்தில் ஐதரசன் அணுக்கருக்கள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் அவற்றைக் குழப்பினால், மீண்டும் தம் நிலைக்குத் திரும்புகையில் அவை சைகையொன்றை வெளிவிடுகின்றன. திரும்புவதற்கு ஆகும் நேரம் இழையத்துக்கு இழையம் வேறுபடும். நமது உடலின் பெரும்பகுதி நீராதலின் இச்சைகைக்குக் குறைவில்லை. சைகை எவ்விடத்திலிருந்து வருகின்றது என அறிவதே எஞ்சிய பிரச்சினையாயிருந்தது. இடத்துக்கு இடம் காந்தப் புலத்தின் வலிமையை மாற்றுவதன் மூலம் அதனைத் தீர்த்த போல் லோட்டர்பர், 1973இல் நீர் நிரம்பிய இரு சிறு குழாய்களின் படத்தை வெளியிட்டார். பதினைந்து வயதிற் பள்ளியை விட்டு அச்சுத்தொழில் பயின்று, பின்னர் நொட்டிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியரான பீற்றர் மான்ஸ்பீல்ட், படமெடுக்கும் முறையை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவி கிடைத்தபின் எங்கே நோக்குவது என்னும் வினா எழுந்தது. இதற்கு விடையளித்ததும் இறந்தோரின் மூளையே. மூளையின் இரு பக்கங்களிலும், காதுக்கு நேர் உட்புறமாக, கடற்குதிரையை ஒத்த வளைந்த உறுப்பொன்று உள்ளது. ஹிப்போகாம்பஸ் எனப்படும் இது புதிய நினைவுகள் பதிவதற்கு இன்றியமையாதது. 1984இல் ஹைமனும் அவர்தம் சகாக்களும், இவ்வுறுப்புக்குள் வரும் பாதைகளையும் அதிலிருந்து செல்லும் பாதைகளையும் அல்சைமர் நோய் அழித்து அதனைத் தனிமைப்படுத்துவதாகக் காட்டினர். 1991இல், அவுகுஸ்தே டேட்டர் வாழ்ந்த அதே பிராங்பேர்ட்டில், ஹைக்கோ பிராக், எவா பிராக் இருவரும் 83 மூளைகளை ஆராய்ந்து, நார்ச்சிக்கல்கள் இவ்வுறுப்பை அண்டிய பகுதியில் தொடங்கிப் படிப்படியாகப் பரவுவதை வகுத்துரைத்தனர்.

காந்தப் பரிவுப் படமெடுப்போர் இவ்வழிகாட்டலைப் பின்பற்றினர். 1992இல் நெதர்லாந்தின் செல்டன்ஸ், அப்பகுதியின் சுருக்கத்தைக் கண்ணாற் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பிடும் எளிய அளவுகோலொன்றை அளித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் மேயோ நிலையத்தில் கிளிபர்ட் ஜக் குழுவினர் ஹிப்போகாம்பஸின் கனவளவை அளந்து, நோயாளருக்கும் நலமுள்ள முதியோருக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்டினர். 1996இல் லண்டனில் நிக் பொக்ஸ் குழுவினர், மரபுவழியாக இந்நோய் வரும் குடும்பமொன்றின் உறுப்பினரைத் தொடர்ந்து படமெடுத்து, அறிகுறிகள் தோன்றுமுன்னரே இச்சுருக்கம் தொடங்கிவிடுவதைக் கண்டறிந்தனர். ஒரே மூளையைக் கால இடைவெளியில் இருமுறை ஒப்பிடுதல் இவ்வாறு நோயறிதலின் ஒரு வழியாயிற்று.

இங்கு எச்சரிக்கை தேவை. சாதாரண காந்தப் பரிவுப் படம் அல்சைமர் கண்ட படிவுகளையோ நார்ச்சிக்கல்களையோ காட்டுவதில்லை. அவற்றின் விளைவாகிய சுருக்கத்தையே காட்டுகின்றது. அச்சுருக்கம் முதுமையாலும் ஓரளவு நிகழும். வேறு நோய்களாலும் நிகழும். மறுபுறம், 1986இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கி 678 கன்னியாஸ்திரிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஆய்வில், இறந்தபின் மூளையில் நோயின் அடையாளங்கள் மிகுந்து காணப்பட்ட சிலர், வாழ்ந்த காலத்திற் சிந்தை தெளிவாகவே இருந்தமை வெளிப்பட்டது. மூளையின் நிலையும் மனிதரின் நிலையும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகின்றது. 2004இல் படிவுகளையே வாழ்வோரிடம் காட்டும் கதிரியக்கப் படமுறை வந்தது. 2018இல் வகுக்கப்பட்ட ஆய்வுச் சட்டகமோ, படிவையும் நார்ச்சிக்கலையும் நோயின் அடையாளமாகவும், படத்திற் காணும் சுருக்கத்தை நோய்க்கே சிறப்பாக உரியதல்லாத சேதத்தின் அளவாகவும் பிரித்துவைத்தது.

ஆயின் இக்கருவியின் பயன் குறைந்துவிடவில்லை. மறதியென வரும் ஒருவருக்குக் கட்டியோ, மண்டையோட்டினுள் தேங்கிய இரத்தமோ, திரவத் தேக்கமோ காரணமாயின், அதனைக் கண்டு சிகிச்சையளிக்க இப்படம் உதவுகின்றது. 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்னும் மருந்தைப் பெறுவோருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக்கசிவும் ஏற்படுகின்றனவா என்று கண்காணிப்பதற்கும் இதுவே கருவியாகும்.

இவ்விடத்திலேதான் நாம் சமூகம் பற்றிய வினாவை மீண்டும் எழுப்பவேண்டியவர்களாகின்றோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறிவுத் தேய்வுக்கு உள்ளானோர் ஏறத்தாழ ஐந்தரைக் கோடியினர். அவர்களுள் அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர். இயந்திரங்களோ செல்வ நாடுகளிலேயே செறிந்துள்ளன. 2004இல் தொடங்கப்பட்டு, உலகெங்குமுள்ள ஆய்வாளருக்குத் தன் தரவுகளைத் திறந்துவைத்த வட அமெரிக்கப் பெருந்திட்டத்திற் பங்குகொண்டோருட் பெரும்பாலோர் உயர்கல்வி பெற்ற வெள்ளையினத்தவர். அத்தகையோரின் மூளையிலிருந்து வகுத்த அளவுகோலை உழைத்துத் தேய்ந்த வேறு மக்களின் மூளைக்கு அப்படியே பொருத்துதல் ஆய்வுநெறிக்கு ஒவ்வாது.

1910இல் வயதென்னும் எல்லைக்கோடு பெருந்தொகையான முதியோரை ஆராய்ச்சியின் பார்வையிலிருந்து விலக்கியது. அக்கோட்டை அழித்தது இயந்திரமன்று. முதியோரின் துன்பமும் விளக்கத்துக்கும் தீர்வுக்கும் உரியது என்னும் கருத்தே அதனை அழித்தது. இன்று வறுமையும் தூரமும் அத்தகைய மற்றொரு கோட்டை இட்டுள்ளன. அவுகுஸ்தே டேட்டரிடம் வினவி விடைகளை எழுதிவைத்த வைத்தியரின் பொறுமையான செவியும், அண்மைக்காலத்தின் கூர்மையான படமும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன. இவையிரண்டும் எல்லா மக்களுக்கும் எட்டுமாறு செய்தல் மருத்துவத்தின் கடமை மட்டுமன்று, சமூகத்தின் கடமையுமாகும்.